சத்தமில்லாத சிரிப்பு

சாமளாபுரம்
4.8.2024

அன்புத் தங்கை சித்ரகலாவுக்கு அண்ணன் மோகன்ராஜ் எழுதுவது.

இங்கே நான், பிரியங்கா, பாப்பா தேஜஸ்ரீ, எட்டுத் தறிகள் எல்லோரும் சுகம். மூன்றாம் தறிக்கு மட்டும் அடிக்கடி சளி பிடிக்கிறது. எண்ணெய் விட்டால் தெளிந்துவிடும். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பனியன் கம்பெனிக் காப்பகத்தில் நாள் முழுக்கப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழுந்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று மணியன் கிண்டல் செய்கிறான். நம் துணியை வீரபாண்டிச் சாயப்பட்டறைக்கு ஏற்றிப் போகிற வண்டிக்காரனுக்கு இந்தக் காகிதம் ஒரு பாரமா? "எந்தங்கச்சி எழுத்தைப் படிச்சா எனக்கு ரெண்டு நாளைக்குத் தெம்பு, நீ வண்டி ஓட்டற வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டேன். தறி ஓடுகிற வீட்டில் போன் பேசுவது யாரால் ஆகும், நீயே சொல்.

பாப்பாவுக்கு ஆறு மாதம் முடியப் போகிறது. குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பெரிய மேஸ்திரி மாதிரி எல்லோரையும் பார்க்கிறாள். மூக்கு அச்சு அசலாக என் மூக்கு. மற்றதில் பிரியங்காவின் பங்கு கொஞ்சம் இருக்கலாம், மறுக்கவில்லை. அப்படி ஒரு சாது. எட்டுத் தறியும் ஓடும்போது சுகமாகத் தூங்குவாள். கரண்ட் போனால்தான் திடுக்கிட்டு எழுந்து அழுவாள். பசித்தால் அழுவாள். மற்றபடி வாயிலிருந்து ஒரு சத்தம் கிடையாது.

போன வாரம் என் மாமனார் அவிநாசிபாளையத்திலிருந்து வந்திருந்தார். பாப்பாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏனுங் மாப்ளை, புள்ளை சத்தங்கித்தம் ஒண்ணும் போடறதில்லீங்களா?" என்று கேட்டார். கன்னையன் மாமாவைத்தான் உனக்குத் தெரியுமே, பொங்கின சோற்றில் கல் தேடுகிறவர். அதை விடு.

உன் காப்பகத்துப் பிள்ளைகள் எந்த மாதத்தில் சத்தம் போட ஆரம்பிக்கும்? சும்மாதான் கேட்கிறேன்.

மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அண்ணன் மோகன்ராஜ்


வீரபாண்டி
11.8.2024

அன்பு அண்ணனுக்குக் கலா வணக்கம் சொல்லி எழுதுவது.

என் முழங்கால் தேவலை. மூன்றாம் தறிக்குக் காட்டுகிற கரிசனத்தை உங்கள் உடம்புக்கும் காட்டுங்கள். வெறும் வயிற்றில் டீ குடிப்பதை விட்டீர்களா இல்லையா?

நீங்கள் சும்மா எதுவும் கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நேராகவே சொல்கிறேன். இங்கே மூன்று மாதப் பிள்ளையே 'ங்கா' என்று கதை சொல்லும். ஆறு ஏழு மாதத்தில் பாபாபா, தாதாதா என்று காப்பகம் சந்தைக்கடை ஆகிவிடும். ஒன்றிரண்டு பிள்ளைகள் தாமதிக்கும், அதுவும் உண்டு. இருந்தாலும் பாப்பாவைத் திருப்பூர் கூட்டிப்போய்க் காதைப் பார்த்துவிடுங்கள். பயத்தை வீட்டில் வைத்துக்கொண்டு வளர்ப்பதைவிட டாக்டரிடம் இறக்கி வைப்பது மேல்.

அதுவரை விளையாடுங்கள். அவள் முகத்துக்கு நேராக உங்கள் முகம் இருக்கட்டும். நீங்கள் கூப்பிடுங்கள், பிறகு சும்மா இருங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். அவள் காலை உதைத்தாலும் பதில், கண்ணைச் சிமிட்டினாலும் பதில். உடனே நீங்கள் திரும்பப் பதில் கொடுக்க வேண்டும். பந்து விளையாட்டு மாதிரிதான். பந்து அவள் கையில் இருக்கும்போது நாம் பிடுங்கக் கூடாது. போன வருஷம் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த அம்மா இதைத்தான் சொன்னார். அவர் சொல்லி நான் நம்பவில்லை, பிள்ளைகள் செய்து காட்டி நம்பினேன்.

பனியன் வெட்டுத்துணியில் ஒரு பந்து தைத்து உள்ளே சலங்கை வைத்து மணியனிடம் கொடுத்திருக்கிறேன். வண்டியில் அவனே ஆட்டி விளையாடாமல் இருந்தால் வந்து சேரும்.

பிரியங்கா நங்கையாவுக்கு என் அன்பு. பாப்பாவின் இரண்டு கன்னத்துக்கும் தனித்தனியாக முத்தம்.

உங்கள் தங்கை
கலா


சாமளாபுரம்
1.9.2024

அன்புள்ள கலாவுக்கு,

இங்கே சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். ஆகவே, சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

பாப்பாவைத் திருப்பூர் கூட்டிப்போய்க் காட்டினோம். காதில் எதையோ மாட்டி, கம்ப்யூட்டரில் கோடு கோடாகப் பார்த்து, இரண்டு காதும் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார் டாக்டர். அங்கேயே அவர் காலில் விழலாம் போலிருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம் அந்த மனிதர். "வீட்ல குழந்தைகிட்டப் பேசுவீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை வேறு என்ன செய்கிறோம்? தறிக்குடோனிலிருந்து வீட்டுக்கு நான்கு எட்டு. நான் தறி பார்த்தால் பிரியங்கா பாப்பாவோடு, அவள் தறி பார்த்தால் நான் பாப்பாவோடு. துண்டால் முகத்தை மூடி மூடித் திறப்பேன். பாப்பா வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். சத்தம்தான் வராது. அப்படி ஒரு சிரிப்பை நீ பார்த்திருக்க மாட்டாய்.

உன் பந்து வந்தது. சலங்கை இருக்கிறதென்று ஆட்டிப் பார்த்தேன், ஆடுகிறது.

இப்போது விஷயம். ஆவணி முகூர்த்தத்துக்கு வந்த மாமா வாசலிலேயே பேச்சை வைத்துவிட்டார். "தறிச் சத்தத்துல புள்ளை மெரண்டு கெடக்குதுங்க மாப்ளை. மொதப் பொறந்த நாளுக்குள்ள வாயத் தொறந்தாச் சரி. இல்லைன்னா பிரியாவையும் புள்ளையையும் எங்கூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். ஒரு வருசம் அமைதியா இருக்கட்டுங்க." பிள்ளை நல்லதுக்கு என்கிறார், நான் என்ன சொல்ல?

பிரியங்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்னால் அவர்கள் இல்லாத வீட்டை நினைத்தே பார்க்க முடியவில்லை, கலா. பிப்ரவரி ஒன்பதாம் தேதி பாப்பாவின் பிறந்த நாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போ.

அண்ணன்
மோகன்ராஜ்


வீரபாண்டி
23.9.2024

அன்பு அண்ணனுக்கு,

நேற்று நங்கையா கட்டிக்கொடுத்த கொள்ளுப் பருப்பைச் சாப்பிட்டு நாங்கள் இருவரும் நலம். பஸ்ஸில் வரும்போதே எழுத நினைத்தேன். உங்கள் வீட்டில் வைத்துச் சொல்ல நினைத்தேன், நங்கையா முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

மதியம் தறிகளை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம் இல்லையா? வீடு அமைதியாக இருந்தது. ரசத்தைக் காட்டி, உப்பு இல்லை என்று கையை விரித்து நீங்கள் நங்கையாவிடம் சண்டை போட்டீர்கள். அவர் திரும்ப உங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். அண்ணா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை! உதடுதான் அசைந்தது, கைதான் ஆடியது. தறிக்குடோனுக்குள் பேசுகிற பேச்சை இரண்டு பேரும் அப்படியே வீட்டுக்குள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அது உங்களுக்கே தெரியவில்லை.

பிறகு துண்டை மூடிப் பாப்பாவுக்கு விளையாட்டுக் காட்டினீர்கள். அடடா, என்ன முகம், என்ன கண்! காப்பகத்தில் எங்களில் ஒருத்திக்கும் அந்த மாதிரி வராது. துண்டை எடுத்ததும் வாயை இவ்வளவு பெரிதாகத் திறந்து 'பே' என்றீர்கள். வாய்தான் 'பே' என்றது. குரல் வரவில்லை. நங்கையா சோறு ஊட்டும்போது 'ஆ' காட்டச் சொன்னதும் அப்படித்தான்.

பாப்பா அசடு இல்லை, ஊமையும் இல்லை. உங்கள் வீட்டுப் பேச்சை அவள் பேசுகிறாள். பால் தீர்ந்ததும் இரண்டு விரலைச் சேர்த்துத் திருப்பிக் காட்டினாளே, அது என்ன? ஊடை நூல் தீர்ந்துவிட்டது என்று நீங்கள் தறியில் காட்டுகிற சைகை! நான் பிரமித்துப் போனேன். ஏழு மாதத்தில் எந்தப் பிள்ளை இப்படிப் பேசும்? அவளுக்குத் தராதது ஒன்றே ஒன்றுதான், குரல். நாம் தராததை அவள் எங்கிருந்து எடுப்பாள்?

கோபம் வரும். வந்தாலும் பரவாயில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை
கலா


சாமளாபுரம்
20.10.2024

அன்புள்ள கலாவுக்குப் பிரியங்கா எழுதுவது.

எல்லோரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். உன் கடிதத்துக்கு அவர் பதில் எழுதவில்லை என்று மணியன் வந்து சொன்னான். எழுத மாட்டார். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர், "எம்புள்ளைக்கு நான் பேசறது பத்தலையாமா?" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். அதையும் உதட்டால்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த நாள் அவராகவே முயற்சி செய்தார். பாப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து "பாப்பா!" என்று ஒரு போடு போட்டார் பார், அடுத்த வீட்டு மருதாளக்கா ஓடி வந்துவிட்டார். பாப்பா வீறிட்டு அழுது என் மாராப்புக்குள் புகுந்துகொண்டது. தறிக்குடோனில் நாங்கள் குரல் எழுப்புவது ஒன்றுக்குத்தான் கலா, ஊடை நூலைக் கொண்டு ஓடுகிற நாடா தெறித்து யார் மேலாவது பாயப் போனால் 'ஓய்' என்று கத்துவோம். எல்லாத் தறியும் நின்றுவிடும். குரல் என்றால் அவருக்கு அது ஒன்றுதான் தெரிகிறது. இப்போது அவர் பக்கத்தில் வந்தாலே பாப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அவர் துண்டு விளையாட்டையும் விட்டுவிட்டார். பாப்பா தூங்கின பிறகுதான் வீட்டுக்குள் வருகிறார்.

எனக்கும் கூச்சமாக இருக்கிறது. கைப்பிள்ளையிடம் தனியாகச் சத்தமாகப் பேசினால் பைத்தியம் மாதிரி தோன்றுகிறது. என்ன பேசுவது என்றும் தெரியவில்லை. எங்கப்பா வேறு வாரம் தவறாமல் போன் செய்து கேட்கிறார்.

ஏதாவது வழி சொல். அவருக்கே எழுது, நான் எழுதினதைச் சொல்லாதே.

அன்புடன்
பிரியங்கா


வீரபாண்டி
27.10.2024

அன்பு அண்ணனுக்கு,

தீபாவளி வருகிறது. தங்கைக்குச் சேலை எடுக்காவிட்டாலும் போகட்டும், ஒரு வரி எழுதக்கூடாதா? சண்டை போட வேண்டுமானால் எழுதிச் சண்டை போடுங்கள், நான் தயார். எனக்கு இங்கே ஒரு வாரமாகக் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. நீங்கள் விசாரிக்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

காப்பகத்தில் சின்னத்தாய் என்று ஒரு அம்மா. தென்காசிப் பக்கமிருந்து வந்து இங்கே டெய்லராக இருக்கிறார். பால் கொடுக்கிற நேரத்துக்கு ஓடி வருவார், பிள்ளையை மடியில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். "பேசுங்கக்கா" என்றால், "என்னத்தப் பேச? அதுக்கு என்ன வெளங்கும்?" என்பார். உங்கள் கை செய்வதையே சொல்லுங்கள் என்றேன். "இந்தா சட்டையக் கழத்துதேன், இந்தா துண்ட எடுக்கேன்" என்று ஆரம்பித்தார். இப்போது அந்த அம்மா வந்தால் நாங்கள்தான் வாயை மூட வேண்டியிருக்கிறது. பேசக் கூச்சப்படுகிறவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

வார்த்தை சொல்லித்தர வேண்டாம் அண்ணா. கத்தவும் வேண்டாம். அவள் ஏதாவது முனகினால் அதே முனகலைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு காத்திருங்கள். பாப்பாவின் முனகல் ரொம்ப மெதுவாகத்தான் இருக்கும். காதில் விழாமல் போகலாம், யாருக்கும் போகும். அதனால் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் மேல் கையை வைத்தே அதன் குறையைச் சொல்கிறவர் நீங்கள். பாப்பா பேசினால் உங்கள் கைக்குத் தெரியும்.

தீபாவளிக்குத் தறி ஓடாது இல்லையா, அந்த நாட்களில் செய்து பாருங்கள்.

உங்கள் மேல் கோபமே இல்லாத தங்கை
கலா


சாமளாபுரம்
17.11.2024

என் கண்ணு கலாவுக்கு,

காய்ச்சல் முழுதும் விட்டதா? கசாயம் குடித்தாயா? நான் விசாரிக்கவில்லை என்று எழுதிவிட்டாயே, அந்த வரி முள் மாதிரி குத்தியது. மணியனிடம் ஒரு சேலை வரும். பச்சை. பிடிக்காவிட்டாலும் பிடித்திருக்கிறது என்று எழுது.

ஏன் கையை வைக்கச் சொன்னாய் என்று நான் கேட்க மாட்டேன். நீயும் சொல்ல வேண்டாம்.

தீபாவளி முடிந்த மறுநாள். குடோன் பூட்டியிருந்தது. பாப்பாவைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, பிரியங்கா என்னிடம் கொடுத்துவிட்டு எண்ணெய்ச்சட்டி கழுவப் போய்விட்டாள். பாப்பா கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் வந்தாள். நெஞ்சில் சாய்த்து முதுகில் கையை வைத்தேன். ஒன்றும் இல்லை. வெறும் மூச்சு. சரி, தங்கச்சி ஏதோ சொல்கிறாள் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். திடீரென்று, கலா, கைக்குள் ஒரு அதிர்வு! ஓடத் தொடங்குகிற மோட்டார் மாதிரி. நின்றது. மறுபடி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நானும் வாயை மூடியபடி 'ம்ம்' என்றேன், மெதுவாக, நெஞ்சுக்குள்ளேயே. அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். நீ சொன்னபடி பந்தைப் பிடுங்காமல் காத்திருந்தேன். அவள் மறுபடி அதிர்ந்தாள்! நான் ம்ம். அவள் ம்ம். பிறகு அந்தக் குட்டிக் கையை எடுத்து என் தொண்டையின் மேல் வைத்துக்கொண்டாள். அவளும் கையை வைத்துக் கேட்கிறாள்!

பிரியங்கா வந்து நின்று பார்த்துவிட்டு, "அய்யோ, பாப்பா பாடுதுங்க, உங்களுக்கு..." என்று ஆரம்பித்தவள் மேலே சொல்லாமல் என் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

பிரியங்கா இப்போது 'இந்தா உலை வைக்கறேன், இந்தா பருப்புக் கழுவறேன்' என்று வாய் ஓயாமல் பேசுகிறாள். இந்த யோசனையை அவளுக்கு யார் சொன்னதென்று தெரியவில்லை. நான் என்ன முட்டாளா?

இனி சைகையை அடியோடு விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். மாமா அதுதான் பிள்ளையைக் கெடுத்தது என்கிறார்.

உன் அண்ணன்
மோகன்ராஜ்


வீரபாண்டி
8.12.2024

அன்பு அண்ணனுக்கு,

காய்ச்சல் போயே போய்விட்டது. சேலை பிடித்திருக்கிறது. (உண்மையாகவே.) உங்கள் கடிதத்தைக் காப்பகத்தில் வாசித்துக் காட்டினேன். சின்னத்தாயக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஒங்க அண்ணாச்சியப் போல ஒரு தகப்பன் எம்புள்ளைக்கு இல்லையே" என்றார். ஆகவே வீரபாண்டி வரை உங்கள் புகழ் பரவியிருக்கிறது. தலைக்கனம் வேண்டாம்.

சைகையை விடாதீர்கள். விடவே கூடாது. அது அவளுக்கு நீங்கள் கொடுத்த முதல் பேச்சு. அதைப் பிடுங்கினால் பிள்ளை திகைத்துப் போகும். கையும் ஆடட்டும், அதோடு குரலும் சேர்ந்து வரட்டும். பால் தீர்ந்தது என்று விரலைத் திருப்பினால் நீங்களும் விரலைத் திருப்பி "தீந்து போச்சா கண்ணு?" என்று கேளுங்கள். துண்டு விளையாட்டில் 'பே' என்பதைத் தொண்டையிலிருந்து கொடுங்கள், அடிவயிற்றிலிருந்து வேண்டாம். மருதாளக்கா பாவம்.

மாமா நல்ல மனதோடுதான் சொல்கிறார். பேத்தி மேல் உயிர். ஆனால் பாப்பா எங்கே இருந்தாலும் அவளோடு விளையாட ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்கள். ஊரை மாற்றினால் அது எங்கிருந்து வரும்?

குளிர் அதிகம். பாப்பாவுக்குக் காது மூடிக் குல்லா அனுப்பியிருக்கிறேன்.

தங்கை
கலா


சாமளாபுரம்
12.1.2025

அன்புள்ள கலா,

சுகம். நீ?

பொங்கல் சீரோடு மாமா இன்று வந்தார். பாப்பா இரண்டு மாதமாக எங்களிடம் ம்ம், ங்கா, பா, மா என்று என்னென்னவோ பாடுகிறாள். மாமா மடியில் வைத்துத் தன்னையே காட்டி, "அப்புச்சி சொல்லு சாமி, அப்புச்சி" என்றார். பாப்பா வாயை இறுக்கிக்கொண்டது. "அம்மா சொல்லு" என்றார். ம்ஹும். நானும் போய் ம்ம் என்றேன், கெஞ்சினேன். ஒரு சத்தம் இல்லை. இரண்டு விரலை மட்டும் சேர்த்துத் திருப்பிக் காட்டினாள், தீர்ந்தது என்று. மாமா அதைப் பார்த்துவிட்டு எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். "பொறந்த நாளன்னிக்குக் கார் எடுத்துட்டு வாறனுங்க" என்று மட்டும் சொன்னார். நான் பொய் சொல்லியிருக்கிறேன் என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது.

பிரியங்கா பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

மோகன்ராஜ்


வீரபாண்டி
15.1.2025

அன்பு அண்ணனுக்கு,

பொங்கல் நன்றாக இருந்ததா என்று கேட்க மாட்டேன். இரண்டு கவளமாவது சாப்பிட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பாப்பா என்ன கச்சேரிக்காரியா, மேடையில் உட்கார வைத்துப் பாடு என்றால் பாட? எனக்கே அப்படிச் சொன்னால் வாய் கட்டிக்கொள்ளும். அவள் விளையாட்டில்தான் பேசுவாள், பரீட்சையில் பேச மாட்டாள். இந்தத் தேதி, கார், பெட்டி எல்லாம் நமக்குத்தான், அவளுக்கு இல்லை. அவளைப் பேச வைக்கப் பார்க்காதீர்கள். விளையாடுங்கள். தறி பார்க்கும்போதும் வாசலில் மருதாளக்கா மடியில் வைத்து நீங்கள் செய்வதைக் காட்டுங்கள், சைகையும் குரலுமாக. ஒருவேளை கார் ஏறிப் போனாலும் வாரா வாரம் போய் விளையாடுங்கள். போகமாட்டாள். என் மனது சொல்கிறது.

பிறந்த நாளுக்கு நான் வர முடியாது. ஷிப்மென்ட் என்று ஞாயிறும் கம்பெனி திறக்கிறார்கள், அம்மாக்கள் வந்தால் பிள்ளைகளும் வரும். நடந்ததை ஒன்று விடாமல் எழுதுங்கள்.

கலா


சாமளாபுரம்
10.2.2025

என் தங்கமே கலா,

சுகம், சுகம், எல்லோரும் சுகம்! மூன்றாம் தறி முதற்கொண்டு சுகம்! நீ சுகமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை, இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

நேற்று காலையில் கேக் வெட்டினோம். பாப்பா யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாமா சாப்பிட்டார், காரைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். பிரியங்கா பெட்டியில் குட்டிச் சட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பாவு நூலை ஓட்டி முடிக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக் குடோனுக்குப் போய் எட்டுத் தறியையும் ஓட்டிவிட்டேன். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

மாமா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறார். "அப்பனுக்கு டாட்டா காட்டு சாமி" என்றாராம். பாப்பா காரைப் பார்த்தாளாம், அம்மா கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாளாம், என் முதுகைப் பார்த்தாளாம். மாமா காரை நோக்கித் திரும்பினார். அப்போது,

"ஓஓய்!"

கை தானாகப் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டது. ஏதோ நாடா தெறித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எட்டுத் தறியும் நின்றது. திரும்பிப் பார்க்கிறேன். மாமா தோளுக்கு மேலே பாப்பா எட்டிப் பார்த்துக்கொண்டு, உள்ளங்கையைக் கீழே அமுக்கி அமுக்கிக் காட்டுகிறாள். நிறுத்து, நிறுத்து என்று, நம் தறிச் சைகை! அந்த அமைதியில் மறுபடியும் ஒரு "ஓய்!" கண்டிப்பாக, முதலாளி மாதிரி!

மாமா அப்படியே நின்றுவிட்டார். கால் எடுத்து வைக்கவில்லை. அவரைப் பார்த்தும் ஒருமுறை கையை அமுக்கினாள். "ஏனுங் மாப்ளை," என்றார், "எம்பேத்தி என்னைய நிக்கச் சொல்லிப்போட்டாளுங்க." நான் ஓடிப்போய் வாங்கினேன். நெஞ்சில் சாய்ந்ததும் அவளாகவே என் தொண்டையில் கையை வைத்து "ம்ம்... பா... ப்பா" என்றாள். மருதாளக்கா குலவை போட்டார். மாமா கார்க்காரனிடம், "வண்டிய ஓரங்கட்டுப்பா, நானும் ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் வாறேன்" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டித் தரையில் உட்கார்ந்தார். இந்நேரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பேத்தியிடம் 'பே' என்கிறார். சுத்தமாக வரவில்லை, நான்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது கலா. எட்டுத் தறி ஓடும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவனுக்கு, எனக்கு, கேட்டது. என் பிள்ளையின் குரல் என் காதில் கேட்டது.

அண்ணன்
மோகன்ராஜ்


வீரபாண்டி
16.2.2025

அன்பு அண்ணனுக்கு,

நானும் அவரும் நலம், முழங்காலும் நலம். பாப்பா போட்ட சத்தத்தில் எல்லா வலியும் ஓடிவிட்டது. இங்கே காப்பகத்துப் பிள்ளைகள் முன்னால் நானும் 'ஓய்' என்று கையை அமுக்கிக் காட்டினேன். ஒரு வாரமாக எல்லாம் அதையேதான் செய்கின்றன. சூப்பர்வைசர் உள்ளே வந்தால் 'ஓய்', சோறு வந்தால் 'ஓய்'. என்னைத் திட்டுகிறார்கள். நன்றாகத் திட்டட்டும்.

கேட்டது என்று எழுதினீர்களே, அந்த வரியை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். அண்ணா, நாலு வருஷமாக நான் போன் செய்தால் "இரு, பிரியா பேசுவா" என்று கொடுத்துவிடுவீர்கள். ஏனென்று நான் கேட்டதில்லை. கடிதம்தான் நமக்கு வசதி என்று நானும் சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு எழுத எனக்குப் பிடிக்கும், அது வேறு. பாப்பா "ப்பா" என்று மெதுவாகச் சொல்கிற நாட்கள் நிறைய வரும். எல்லாவற்றுக்கும் கை போதாது. அது உங்கள் காதிலும் விழ வேண்டும்.

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. பாப்பாவைப் பார்த்த அதே டாக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். காதில் மிஷின் வைத்தால் அழகு குறைந்துவிடும் என்று கவலைப்பட வேண்டாம், அழகைத்தான் பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டீர்களே. கன்னையன் மாமா இன்னும் ஊருக்குப் போகாமல் அங்கேயே இருப்பதாக மணியன் சொன்னான். நல்லதாகப் போயிற்று, அவர் பாப்பாவைப் பார்த்துக்கொள்வார்.

காலையில் வந்து உங்கள் வாசலில் நின்று 'ஓய்' என்பேன். முதலில் பாப்பா பதில் சொல்வாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்து உங்கள் முறை. நான் அவசரப்பட மாட்டேன் அண்ணா, நீங்கள் பதில் சொல்கிறவரை வாசலிலேயே காத்திருப்பேன்.

உங்கள் தங்கை
கலா